லோக்கல்ல ஓடுது, ஏத்தினா ஓடலையே! – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல நிறைய பேர் வெப்சைட் கட்ட உதவுற ஜாவாஸ்கிரிப்ட் டூல்களான ரியாக்ட், வியூ, நெக்ஸ்ட் ஜேஎஸ் வெச்சு ப்ராஜெக்ட்டை எப்படி ஆரம்பிக்கிறது, எப்படி நெட்ல ஏத்துறதுன்னே கேட்டிருந்தீங்க. அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணா, எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும். ரியாக்ட் கத்துக்கலாம்னு உக்காந்தா ஒரு வீடியோல கிரியேட் ரியாக்ட் ஆப் போட சொல்றாங்க, இன்னொண்ணுல வீட் (Vite), இன்னொருத்தர் நேரா நெக்ஸ்ட் ஜேஎஸ் போயிடுங்கறார். எதுல ஆரம்பிக்கிறது?

பதில்: கிரியேட் ரியாக்ட் ஆப் 2016ல வந்தது, ரொம்ப வருஷம் எல்லாரையும் தூக்கி நிறுத்துச்சு, ஆனா 2025 பிப்ரவரில ரியாக்ட் டீமே புது ப்ராஜெக்ட்டுக்கு இதை எடுக்காதீங்கன்னு அறிவிச்சுட்டாங்க, அதனால அந்த வீடியோவை மூடிடலாம். மிச்சம் இருக்கிறது வீட்டா நெக்ஸ்ட்டாங்கறது, அதை நீங்க என்ன கட்டப் போறீங்கங்கறதை வெச்சு முடிவு பண்ணுங்க. லாகின் பண்ணி உள்ள போய் வேலை பாக்குற மாதிரி ஆப், டாஷ்போர்டு, கால்குலேட்டர், இதுக்கெல்லாம் வீட் தாராளமா போதும். வியூவை எழுதின எவான் யூ (Evan You) 2020ல கொண்டு வந்த டூல் இது, ரியாக்ட், வியூ, ஸ்வெல்ட் எதோட வேணா சேரும், பில்ட் பண்ணா, அதாவது எழுதின கோடை வெளில வைக்கிற மாதிரி மூட்டை கட்டினா, டிஸ்ட்னு ஒரு ஃபோல்டர் வரும், அதுல இருக்கிறது சாதாரண ஃபைல்கள்தான், எங்க வேணா வைக்கலாம். கூகுள்ல தேடினா ஒவ்வொரு பக்கமும் வரணும், பக்கத்தோட உள்ளடக்கம் அடிக்கடி மாறும், அப்படின்னா நெக்ஸ்ட், வியூ பக்கம்னா நக்ஸ்ட், ஸ்வெல்ட்னா ஸ்வெல்ட்கிட். சர்வர்லயே பக்கத்தை ரெடி பண்ணி அனுப்புற வேலையை சொந்தமா ஓட்டினா எப்பவும் ஒரு நோட் சர்வர் (Node.js, பிரவுசருக்கு வெளில ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுறது) ஓடிட்டே இருக்கணும், அதை கவனிச்சுக்கிற பொறுப்பும் உங்களோடது, அதை தெரிஞ்சுகிட்டு எடுங்க. கத்துக்கிற நிலையில வீட் டூல்லயே இருங்கன்னுதான் நான் சொல்வேன்.

எதை எடுத்தாலும் ஒண்ணு மட்டும் கெஞ்சி கேட்டுக்கறேன். ப்ராஜெக்ட் உருவாக்கினதும் அந்த லோகோ சுத்துற காலி பக்கத்தை ஒரு வரி கூட மாத்தாம முதல் நாளே நெட்ல ஏத்திடுங்க. மூணு மாசம் கோடு எழுதிட்டு கடைசில ஏத்தும்போது பத்து பிரச்சனை ஒண்ணா வந்து நிக்கும், எது எதனாலன்னே தெரியாது. காலி ப்ராஜெக்ட்ல வந்தா ஒண்ணோ ரெண்டோதான் வரும், அதுக்கப்புறம் எது உடைஞ்சாலும் நேத்து வரை ஓடுச்சு, இன்னைக்கு நான் மாத்தினது இதுன்னு கையோட பிடிச்சிடலாம். கீழ வர்ற கேள்விகளை படிச்சா நான் ஏன் இப்படி சொல்றேன்னு புரியும்.

கேள்வி: என்னோட கம்ப்யூட்டர்ல என்பிஎம் (npm, பேக்கேஜ் இறக்குற டூல்) ரன் டெவ் போட்டா அருமையா ஓடுது. கிட்ஹப்ல புஷ் பண்ணி ஹோஸ்டிங்ல கனெக்ட் பண்ணா பில்ட் ஃபெயில், ஹெடர் ஃபைல் கிடைக்கலைன்னு வருது. ஃபைல் அங்கயேதான் இருக்கு சார்!

பதில்: இருக்கும், ஆனா பேர்ல ஒரு எழுத்து பெருசா சின்னதான்னு பாருங்க. விண்டோஸும் மேக்கும் வழக்கமான செட்டிங்ல ஃபைல் பேர்ல கேபிட்டல் எழுத்து, ஸ்மால் எழுத்து வித்தியாசம் பாக்காது, பில்ட் நடக்குறது லினக்ஸ் மெஷின்ல, அது கறாரா பாக்கும். ஃபைல் பேர் கேபிட்டல் எச்ல ஆரம்பிக்குது, இம்போர்ட்ல ஸ்மால் எச் போட்டிருக்கீங்க, உங்ககிட்ட ஓடும், அங்க ஓடாது. இதை திருத்தறப்போ ஃபைல் மேனேஜர்ல பேரை மாத்துனா கிட் (Git) அதை கவனிக்காமலே விட்டுடலாம், கிட் எம்வி கமாண்ட் போட்டு மாத்துங்க.

உங்க கேள்வில இல்லாட்டியும் அடுத்து வரப்போறதையும் சொல்லிடறேன். நோட் வெர்ஷன். உங்ககிட்ட ஒண்ணு, ஹோஸ்டிங்ல ஒண்ணுன்னு இருந்தா புரியாத எரரா வந்து கொட்டும், உதாரணத்துக்கு வீட் 7க்கு நோட் 20.19 இல்லைன்னா 22.12க்கு மேல வேணும், அதுக்கு கீழ இருந்தா கிளம்பாமலே போகலாம். பேக்கேஜ் ஜேசான்ல என்ஜின்ஸ்னு ஒரு இடம் இருக்கு, அங்க வெர்ஷனை எழுதி வைங்க, ஹோஸ்டிங் செட்டிங்ல அதே நம்பரை போடுங்க.

அப்புறம் லாக் ஃபைல். பேக்கேஜ் லாக் ஃபைலை தேவையில்லாததுன்னு நினைச்சு கிட்இக்னோர்ல (கிட் கண்டுக்க வேணாம்ங்கற லிஸ்ட்) போடுறவங்க நிறைய பேர், தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. நூத்துக்கணக்கான பேக்கேஜ்ல எது எந்த வெர்ஷன்னு அச்சு அசலா எழுதி வெச்சிருக்கிறது அதுதான். ஏத்துற இடத்துல என்பிஎம் இன்ஸ்டால் போடாம என்பிஎம் சிஐ போட்டா லாக் ஃபைல்ல இருக்கிறதை மட்டும் இறக்கும், அதுவும் பேக்கேஜ் ஜேசானும் ஒத்துப்போகலைன்னா அங்கயே நின்னுடும். 2025 செப்டம்பர்ல சாக், டீபக் மாதிரி உலகமே பயன்படுத்துற பேக்கேஜ்களை பராமரிக்கிறவரை ஃபிஷிங் மெயில்ல ஏமாத்தி, திருட்டு கோடு வெச்ச வெர்ஷன்களை வெளியிட்டாங்க. சீக்கிரமே எடுத்துட்டாங்கதான், ஆனா அந்த இடைவெளில லாக் ஃபைல் இல்லாம புதுசா இன்ஸ்டால் பண்ணவங்களுக்கு அது இறங்கியிருக்கும், பழைய லாக் ஃபைல்படி சிஐ போட்டவங்களுக்கு பழைய வெர்ஷனே வந்திருக்கும்.

இன்னொண்ணு, வீட் டூலே கிடைக்கலைன்னு பில்ட்ல எரர் வந்தா நோட் என்வி வேல்யூ ப்ரொடக்ஷன்னு செட் ஆகியிருக்கான்னு பாருங்க, அப்படி இருந்தா என்பிஎம் டெவ் டிபெண்டென்சி (டெவலப் பண்ணும்போது மட்டும் தேவைன்னு குறிச்ச பேக்கேஜ்) எதையும் இறக்காது, வீட் இருக்கிறது அந்த லிஸ்ட்லதான்.

கேள்வி: சைட் ஏறிடுச்சு, மெனுல கிளிக் பண்ணி எல்லா பக்கத்துக்கும் போக முடியுது. ஆனா உள் பக்கத்துல ரிஃப்ரெஷ் பண்ணா 404 வருது. லிங்க்கை ஃப்ரெண்டுக்கு அனுப்பினா அவருக்கும் 404. கோடுல தப்பா?

பதில்: கோடுல தப்பே இல்ல. சர்வர்ல உங்களுக்குன்னு இருக்கிறது ஒரே ஒரு இன்டெக்ஸ் எச்டிஎம்எல் ஃபைல்தான். அபவுட் பக்கம்னு நீங்க நினைக்கிறது சர்வர்ல எங்கயும் கிடையாது, பிரவுசருக்குள்ள ரவுட்டர் (பக்கம் மாத்துற ஜாவாஸ்கிரிப்ட் கோடு) வரையற படம் அது. மெனுல கிளிக் பண்றப்போ ரவுட்டர் அட்ரஸ் பார்ல பேரை மாத்தி பக்கத்தை வரைஞ்சிடும், சர்வர்கிட்ட யாரும் அபவுட்டை கேக்கவே இல்ல. ரிஃப்ரெஷ் அடிச்சா பிரவுசர் நேரா சர்வர்கிட்ட போய் அபவுட்டை குடுன்னு கேக்குது, அப்படி ஒரு ஃபைல் இல்லையே, 404ன்னு அது உண்மையைத்தான் சொல்லுது.

கேட்ட ஃபைல் இருந்தா குடு, இல்லைன்னா இன்டெக்ஸை குடுன்னு சர்வருக்கு சொல்லி வைக்கணும், அவ்ளோதான். என்ஜின்எக்ஸ்ங்கற (nginx) வெப் சர்வர்ல ட்ரை ஃபைல்ஸ்னு ஒரு வரி, நெட்லிஃபைங்கற ஹோஸ்டிங்ல ரீடைரக்ட்ஸ்னு ஒரு சின்ன ஃபைல். கிட்ஹப் பேஜஸ்ல இந்த வசதி இல்ல, இன்டெக்ஸையே 404ங்கற பேர்ல ஒரு காப்பி எடுத்து வைப்பாங்க, பக்கம் தெரியும், ஆனா சர்வர் 404னே பதில் சொல்றதால கூகுள்ல அந்த பக்கம் ஏறும்னு எதிர்பாக்காதீங்க. அங்கயே இன்னொரு சிக்கல், உங்க சைட் ரெப்போ பேர்ல ஒரு உள் ஃபோல்டர்ல உக்காரும், வீட் கான்ஃபிக்ல பேஸ்ங்கற இடத்துல அந்த பேரை போடலைன்னா வெள்ளை பக்கம் மட்டும்தான் வரும்.

ஏத்துறதுக்கு முன்னாடி பில்ட் போட்டு அப்புறம் என்பிஎம் ரன் ப்ரிவ்யூ போட்டு பாக்குற பழக்கம் ரொம்ப நல்லது. டெவ் சர்வர் 5173 போர்ட்ல ஓடும், ப்ரிவ்யூ 4173ல, டெவ்ல பாக்குறது எழுதின கோடை அப்பப்போ ஃபைல் ஃபைலா குடுக்குறது, ப்ரிவ்யூல பாக்குறது நிஜமா வெளில போகப்போற மூட்டை. ஆனா ரிஃப்ரெஷ் 404 மட்டும் ப்ரிவ்யூலயும் தெரியாது, ஏன்னா அது தானாவே இன்டெக்ஸை குடுத்து சமாளிச்சிடும். நிஜமான இடத்துல ஏத்தி பாத்தாதான் இது வெளில வரும், அதான் முதல் நாளே ஏத்துங்கன்னு மேல அவ்ளோ கெஞ்சினேன்.

கேள்வி: ஏபிஐ கீயை (வெளி சர்வீஸை பயன்படுத்த குடுக்குற சாவி) டாட் என்வி ஃபைல்ல வெச்சிருக்கேன், கிட்இக்னோர்லயும் போட்டிருக்கேன். இப்போ பாதுகாப்புதானே?

பதில்: கிட்ஹப்ல போகாது, அது வரைக்கும் சரி. ஆனா அந்த பேர் வீட்ங்கற முன்னொட்டோட இருந்தா, நெக்ஸ்ட்னா நெக்ஸ்ட் பப்ளிக்ங்கற முன்னொட்டோட இருந்தா, பில்ட் பண்ணும்போது அந்த வேல்யூ அப்படியே ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலுக்குள்ள எழுத்தா பதிஞ்சிடும், யார் வேணா டெவலப்பர் டூல்ஸை தொறந்து படிக்கலாம். ஃபயர்பேஸ் கான்ஃபிக் மாதிரி வெளில தெரியறதுக்குன்னே குடுக்குறது பரவால்ல, அங்க காவல் காக்குறது செக்யூரிட்டி ரூல்ஸ், அதை ஒழுங்கா எழுதியிருக்கணும். பணம் வாங்குற கேட்வேயோட சீக்ரெட் கீ, ஏஐ சர்வீஸ் கீ, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, இது எதுவும் பிரவுசர் பக்கமே வரக்கூடாது, ஒரு சின்ன சர்வர் ஃபங்ஷன் எழுதி அதுக்குள்ள வைங்க. ஏற்கனவே ஒரு தடவை புஷ் பண்ணிட்டீங்கன்னா ஃபைலை அழிச்சு பிரயோஜனம் இல்ல, கிட்டோட பழைய ஹிஸ்டரில அப்படியே இருக்கும், கீயை ரத்து பண்ணிட்டு புதுசு எடுங்க, இன்னைக்கே.

ஹோஸ்டிங் பேனல்ல வேல்யூவை மாத்தினேன் சைட்ல மாறலைன்னு கேக்குறவங்களுக்கும் இதான் பதில், பில்ட்ல பதிஞ்சது மறுபடி பில்ட் பண்ணாதான் மாறும்.

கேள்வி: நெக்ஸ்ட் ஜேஎஸ் ஆப்பை சொந்தமா ஒரு விபிஎஸ்ல (வாடகை சர்வர்) ஓட்டணும். பில்ட் போட்டா பாதில கில்டுன்னு (Killed) நின்னுடுது. ஒரு வழியா ஓட வெச்சா சிஎஸ்எஸ்ஸே வரல.

பதில்: கில்டுன்னு வந்தா பெரும்பாலும் மெமரி பத்தல, லினக்ஸ் தானே அந்த ப்ராசஸை நிறுத்திடுது. சின்ன சர்வர்ல பில்ட் பண்ணாதீங்க, கிட்ஹப் ஆக்ஷன்ஸ்லயோ உங்க மெஷின்லயோ பில்ட் பண்ணி ரெடியானதை மட்டும் சர்வருக்கு அனுப்புங்க. கான்ஃபிக்ல அவுட்புட்டை ஸ்டாண்டலோன்னு வெச்சா தேவையான நோட் மாட்யூல்ஸ் மட்டும் சேர்ந்து சின்னதா வரும். உங்க சிஎஸ்எஸ் காணாம போனதும் அங்கதான் நடந்திருக்கணும், ஏன்னா ஸ்டாண்டலோன் ஃபோல்டருக்குள்ள பப்ளிக் ஃபோல்டரும் ஸ்டாட்டிக் ஃபோல்டரும் தானா வராது, நாமளே காப்பி பண்ணி வைக்கணும். மிச்சது வழக்கமானது, முன்னாடி என்ஜின்எக்ஸ், பின்னாடி 3000 போர்ட்ல நோட், விழுந்தா தூக்கி விட சிஸ்டம்டியோ பிஎம்2வோ, எச்டிடிபிஎஸ்க்கு லெட்ஸ் என்க்ரிப்ட், அந்த சர்டிஃபிகேட் 90 நாள்தான், தானா புதுப்பிக்கிற மாதிரி செட் பண்ணிடுங்க.

ஓட வெச்சுட்டு மறந்துடவும் முடியாது. 2025 டிசம்பர்ல ரியாக்ட் சர்வர் காம்பொனென்ட்ஸ்ல லாகினே இல்லாம வெளிலேர்ந்து சர்வர்ல கோடு ஓட்டக்கூடிய ஓட்டை ஒண்ணு வெளியாச்சு, தீவிரம் 10க்கு 10, நெக்ஸ்ட் ஆப் ரவுட்டர் வெச்சு சொந்தமா ஓட்டினவங்க உடனே அப்டேட் பண்ண வேண்டியதா போச்சு. வெறும் ஸ்டாட்டிக் ஃபைலா வெச்சிருந்தவங்களுக்கு அதுல பாதிப்பு இல்ல. உங்க ஆப்புக்கு சர்வர் நிஜமாவே வேணுமான்னு ஒரு தடவை யோசிங்க, வேணாம்னா அவுட்புட்டை எக்ஸ்போர்ட்னு மாத்தி அவுட் ஃபோல்டரை மட்டும் ஏத்திட்டு நிம்மதியா இருக்கலாம்.

கேள்வி: ஒவ்வொரு தடவை புது வெர்ஷன் ஏத்தும்போதும் சில பேருக்கு வெள்ளை ஸ்கிரீன் வருதாம். ரிஃப்ரெஷ் பண்ணா சரியாகுது. எனக்கு ஒரு தடவை கூட வரல.

பதில்: அவங்க நீங்க ஏத்துறதுக்கு முன்னாடியே டேப்பை தொறந்து வெச்சிருந்தவங்க. பில்ட்ல அசெட்ஸ் ஃபோல்டருக்கு வர்ற ஒவ்வொரு ஃபைல் பேர்லயும் ஒரு ஹாஷ் (உள்ளடக்கத்தை வெச்சு உருவாகுற குறியீடு) ஒட்டியிருக்கும், உள்ளடக்கம் மாறினா பேரும் மாறும். பழைய பக்கம் பழைய பேர்ல ஒரு துண்டை கேக்குது, நீங்க அதை அழிச்சுட்டு புதுசு வெச்சுட்டீங்க. மேல சொன்ன இன்டெக்ஸை குடுக்குற செட்டிங் இருந்தா இன்னும் குழப்பம், ஜாவாஸ்கிரிப்ட் கேட்ட இடத்துக்கு எச்டிஎம்எல் போய் சேரும், அதனால அசெட்ஸ் ஃபோல்டருக்கு மட்டும் அந்த செட்டிங் வேலை செய்யாம நேரா 404 குடுக்குற மாதிரி வைங்க. இன்டெக்ஸ் ஃபைலுக்கு நோ கேஷ் (no-cache, பிரவுசர் ஒவ்வொரு தடவையும் சர்வர்ல சரிபாக்கணும்), அசெட்ஸ்க்கு ஒரு வருஷ கேஷ். பழைய அசெட்ஸை உடனே அழிக்காம கொஞ்ச நாள் விட்டு வைங்க. வீட் டூல்ல இப்படி துண்டு கிடைக்காம போனா ப்ரீலோட் எரர்னு ஒரு ஈவன்ட் வரும், அதை பிடிச்சு பக்கத்தை ஒரு தடவை ரீலோட் பண்ண சொல்லுங்க, ஒரு தடவை மட்டும், இல்லைன்னா நெட் இல்லாத நேரத்துல சுத்திட்டே இருக்கும். யாராவது ஃபார்ம் பாதி நிரப்பிட்டு இருந்தா ரீலோட்ல எல்லாம் போயிடும், அந்த மாதிரி பக்கத்துல மட்டும் புது வெர்ஷன் வந்திருக்குன்னு ஒரு பட்டன் காட்டி அவங்களையே அமுக்க விடுங்க.