கதை எப்படி இருந்தாலும் பரவாயில்லை, ஒளிப்பதிவுக்காகவே பார்க்க வேண்டிய படங்கள் எவை?

புதுசாகப் பெரிய டிவி வாங்கியிருக்கிறீர்கள், எதையாவது போட்டு வீட்டில் இருப்பவர்களை அசத்த வேண்டும் என்று இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்கள் என நினைக்கிறேன். தப்பே இல்லை. ஆனால் இப்படி யாராவது கேட்டால் உடனே பனிமலை, அருவி, வெளிநாட்டில் எடுத்த டூயட் என்று அடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு அங்கேதான் எரிகிறது. ஸ்விட்சர்லாந்தில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அழகாகத்தான் விழும். அங்கேயும் எந்த நேரத்தில், எந்த வெயிலில் எடுப்பது என்று ஒரு கணக்கு உண்டு, தெரியும், சண்டைக்கு வராதீர்கள். ஆனாலும் ஒரு சுவர், ஒரு ஜன்னல், ஒரு முகம் இவ்வளவையும் கொடுத்துவிட்டு "எடு பார்க்கலாம்" என்றால் எடுத்துக் காட்டுகிறவர்தான் என் கணக்கில் ஒளிப்பதிவாளர்.

நான் சினிமாக்காரன் இல்லை. தஞ்சாவூர் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறவன். "மண்டபத்துல லைட்டு பிடிக்கிறவனுக்கு உலக சினிமா எதுக்கு" என்று கேட்கப் போகிறவர்கள் தாராளமாகக் கேளுங்கள். முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பதை வைத்துத்தான் நான் சோறு சாப்பிடுகிறேன்.

என் முதல் படம் சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ' (1956). ஒளிப்பதிவு சுப்ரதா மித்ரா. இதற்கு முந்தைய படமான 'பதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கும்போது அவருக்கு வயது 21, அதற்கு முன் சினிமா கேமராவை இயக்கிய அனுபவமே கிடையாது. 'அபராஜிதோ'வில் காசியில் கதைநாயகனின் குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பாருங்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள். வானத்திலிருந்து வெளிச்சம் இறங்கிச் சுவரெல்லாம் பரவி நிற்கும். அது நிஜக் காசி வீடு என்று யாரும் சத்தியம் செய்வார்கள். ஆனால் அது கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் போட்ட செட். கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா திறந்தவெளியில் போடலாம் என்றுதான் நினைத்தார், மழைக்காலத்துக்குப் பயந்து உள்ளே போட வேண்டியதாகிவிட்டது.

இங்கேதான் சிக்கல். முற்றத்து வெளிச்சத்துக்கு அழுத்தமான நிழல் கிடையாது, அது நாலா பக்கமும் இருந்து வரும். ஸ்டூடியோ விளக்கை நேராக அடித்தால் ஒரே ஆளுக்கு நாலு நிழல் விழுந்து குட்டு வெளிப்பட்டுவிடும். மித்ரா என்ன செய்தார் என்றால், செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை வானம் மாதிரி இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழேயிருந்து அந்தத் துணியைப் பார்த்துத் திருப்பிவிட்டார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான் நீங்கள் பார்ப்பது. இன்று 'பவுன்ஸ் லைட்' என்று யூடியூபில் பாடம் எடுக்கிறார்களே, அதே சமாச்சாரம். 1956இல், கறுப்பு வெள்ளையில்.

இதைப் படித்தபிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. திருவையாறு பக்கம் ஒரு பழைய வீட்டில் நலங்கு எடுக்கப் போயிருந்தேன். அதே மாதிரி முற்றம், தாழ்வாரம், மரத்தூண். பொழுது சாய்ந்துவிட்டது. வீட்டுப் பெரியம்மாவிடம் வெளுத்த எட்டு முழ வேட்டி ரெண்டு கேட்டு வாங்கி, முற்றத்துக்குக் குறுக்கே கட்டிவிட்டு, ரெண்டு எல்இடியையும் மேல்நோக்கித் திருப்பினேன். பெண்ணின் சித்தப்பா வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "ஏன் தம்பி, பொண்ணு கீழதானே உக்காந்திருக்கு? நீங்க வேட்டிக்கு லைட்டு அடிச்சிட்டிருக்கீங்க?" என்றார். என்னோடு வந்த பையன் சிரித்துவிட்டான். நான் கேமராத் திரையைத் திருப்பிக் காட்டினேன். மஞ்சள் பூசிய முகம், கன்னத்தில் எண்ணெய் மினுக்கு இல்லை, மூக்குத்தியில் மட்டும் சின்னதாக ஒரு பொட்டு வெளிச்சம். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

வீடியோ கொடுத்தபிறகு போன் வந்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா மண்டபத்துல எடுத்த மாதிரி பளிச்சுனு இல்லியே. பொண்ண கொஞ்சம் கலராக்கிக் குடுங்களேன்." கலராக்குவது என்றால் வெளுப்பாக்குவது. அந்தப் பெண்ணின் நிறமே அதுதான், அந்த வெளிச்சத்தில் அது அவ்வளவு அழகாக வந்திருந்தது. முடியாது என்றேன். பாக்கிப் பணம் வர ஆவணி போய் ஐப்பசி ஆகிவிட்டது, அது வேறு கதை.

கதை என்றதும் ஞாபகம் வருகிறது, இதையும் சொல்லிவிடுகிறேன். விடியற்காலை நாலு மணிக்கு நாதஸ்வரக்காரருக்கு முன்னால் மண்டபத்துக்கு வருகிறவர்கள் நாங்கள். கடைசிப் பந்திக்கும் பின்னால், பாத்திரம் கழுவ ஆரம்பித்தபிறகு ரசமும் மோரும் மிச்சம் இருந்தால் எங்களுக்கு. யாருக்காவது இதைச் சரிசெய்யும் அதிகாரம் உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இருந்தால் செய்யுங்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான்.

சரி, மற்ற படங்கள். ஸ்டான்லி குப்ரிக்கின் 'பாரி லிண்டன்' (1975). நாசாவுக்காக ஸைஸ் கம்பெனி செய்த, துளி வெளிச்சம் இருந்தாலும் வாங்கிக்கொள்ளும் எஃப் 0.7 லென்ஸைத் தேடிப் பிடித்து, வெறும் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே சில காட்சிகளை எடுத்தார்கள். அந்த லென்ஸில் ஃபோகஸ் மயிரிழைதான் நிற்கும், நடிகர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் போச்சு. சீட்டாடும் மேஜையில் எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருப்பதன் ரகசியத்தில் இதுவும் ஒன்று. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. படம் மெதுவாகப் போகும், தூங்கிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

'டேஸ் ஆஃப் ஹெவன்' (1978) பெரும்பாலும் சூரியன் மறைந்தபின் இருட்டுவதற்குள் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் எடுத்தது. கோதுமை வயல்தான், ஆனால் இதை வெறும் இயற்கைக் காட்சி என்று ஒதுக்க எனக்கே மனசு வரவில்லை.

தமிழில் 'நாயகன்' (1987). பி.சி. ஸ்ரீராம் அதில் கமலின் முகத்தைப் பாதி இருட்டில் விட்ட தைரியம் சாதாரணமானது இல்லை. நட்சத்திரத்தின் முகம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது அன்றைக்கு எழுதாத சட்டம். தேசிய விருது வந்தது. 'மூன்றாம் பிறை'யில் (1982) பாலு மகேந்திரா ஊட்டியைக் காட்டுகிறார், ஆனால் ஊட்டியைச் சுற்றிக் காட்டவில்லை. அந்த வீட்டு ஜன்னல் ஓரத்தைப் பாருங்கள், நான் சொல்வது புரியும். அவருக்கும் தேசிய விருது.

அப்புறம் அந்த டிவி. பெட்டியைப் பிரித்ததும் நிறத்தையெல்லாம் கூட்டிப் பளிச்சென்று காட்டும் 'விவிட்' என்று ஒரு முறையில் இருக்கும், அதை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' முறைக்கு மாற்றிவிடுங்கள். 'நாயகன்' 2023இல் 4கே தரத்தில் மறுபடி தியேட்டருக்கு வந்தது, தெளிவில்லாத பழைய பிரதியைப் பார்த்துவிட்டு இருட்டு என்று சொல்ல வேண்டாம். 'அபராஜிதோ'வின் மூல நெகட்டிவ் 1993இல் லண்டன் லேப் ஒன்றில் தீப்பிடித்ததில் கடுமையாகச் சேதமானது. மிஞ்சியதையும் மற்ற பிரதிகளையும் வைத்துச் செப்பனிட்டு 2015இல் வெளியிட்டார்கள். அந்தப் பதிப்பைத் தேடிப் பாருங்கள்.