காலையில் 150, மதியம் 110: எந்த பிபி சரி?

மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்கு வயது 71. தினமும் காலையில் பிபி மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டு மிஷினில் காலையில் 150/90 காட்டுகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 110/70. மிஷின் பழுதா? காலை அளவுக்காக இன்னொரு மாத்திரை சேர்க்கலாமா?"

மிஷின் சரியாகவே இருக்கலாம்; இரண்டு அளவுமே உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டு. மாத்திரையை மட்டும் நீங்களாகக் கூட்டிவிடாதீர்கள் அம்மா.

ஓய்வில் இருக்கும்போதே இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. எந்த உறுப்புக்கு எவ்வளவு என்பதை உடம்பு நாள் முழுக்க மாற்றி மாற்றிப் பங்கிடுகிறது. தூக்கத்தில் பிபி பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். விடியும் நேரத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரப்பு கூடி, எழுந்ததும் ரத்தக் குழாய்கள் இறுகி, பிபி ஏறும். முந்தின நாள் மாத்திரையின் வேகம் தேய்ந்திருப்பதும் அப்போதுதான். ஃபில்டர் காபி குடித்த கையோடு அளந்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.

ஆனால் எனக்குக் கவலை தருவது அந்த 110தான். வயிறு நிறையச் சாதம் சாப்பிட்டதும் ரத்தம் குடல் பக்கம் திரும்புகிறது. இளம் வயதில் மற்ற குழாய்கள் இறுகி அதை ஈடுகட்டிவிடும். வயதாக ஆக அந்தச் சுறுசுறுப்பு குறைகிறது. சாப்பிட்ட 2 மணி நேரத்துக்குள் மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோகூட இறங்கலாம். சென்னை வெயிலில் தோலுக்கும் ரத்தம் கூடுதலாகப் போகிறது, வியர்வையில் நீரும் உப்பும் வெளியேறுகின்றன. இந்த நிலையில் குட்டித் தூக்கம் போட்டவர், காலிங் பெல் சத்தம் கேட்டுச் சட்டென எழுந்தால் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கும். கண் இருட்டும். கதவைத் தொடுவதற்குள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். காலை அளவைக் குறைக்கச் சேர்க்கும் மாத்திரை மதிய அளவையும் சேர்த்தே இறக்கும்.

மதியம் எழும்போது அப்பா சுவரைப் பிடித்துக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, உட்கார்ந்தபடி ஒருமுறை, எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் அளங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மற்றபடி 7 நாள் காலையும் மாலையும் அளந்தால் போதும். காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து 5 நிமிடம் பேசாமல் உட்காரட்டும். பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் 135/85க்கு மேல் என்றால் அதிகம். காலண்டர் தாளின் பின்புறம் காலை அளவை மட்டும் குறித்துக்கொண்டு வருபவர்கள் நிறைய. மதிய அளவையும் எழுதுங்கள்.

மாத்திரையை ராத்திரிக்கு மாற்றினால் நல்லதா என்றும் பலர் கேட்கிறார்கள். பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், காலையில் சாப்பிட்டவர்களுக்கும் இரவில் சாப்பிட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மறக்காமல் சாப்பிடும் நேரமே அப்பாவுக்கு நல்ல நேரம்.

டாக்டரைப் பார்க்கும்வரை மதியச் சாதத்தைக் குறைத்து, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். படுத்தவர் எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் பத்து முறை அசைத்த பிறகு நிற்கட்டும். நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி என்று எது வந்தாலும் மிஷினைத் தேடாமல் 108ஐ அழையுங்கள்.