எலிக்குப் பலித்த பெர்ரி நமக்கும் பலிக்குமா? உணவுக்குழாய்ப் புற்றுநோய் பற்றிய உங்கள் கேள்விகள்

உணவுக்குழாய்ப் புற்றுநோய் பற்றி எனக்கு வரும் கேள்விகளில் பெர்ரிப் பழம் இல்லாத நாளே இல்லை. பலர் ஒரே விஷயத்தைப் பல விதமாகக் கேட்டிருப்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கே: பெர்ரி சாப்பிட்டால் இந்தப் புற்றுநோய் வராது, எலியில் நிரூபித்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?

எலியில் நடந்தது உண்மைதான், "வராது" என்பதுதான் உண்மையில்லை. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி ஸ்டோனர் என்ற ஆய்வாளரின் குழு பல வருஷம் இதிலேயே உழைத்தது. என்.எம்.பி.ஏ. என்ற, புற்றை உண்டாக்கும் நைட்ரோசமைன் ரசாயனத்தை எலியின் தோலுக்கடியில் வாரத்துக்கு 3 ஊசி வீதம் 5 வாரமோ, வாரத்துக்கு ஒன்று வீதம் 15 வாரமோ, ஆக 15 ஊசி போடுவார்கள். ஊசி தோலில் போட்டாலும் கட்டி வருவது உணவுக்குழாயில். அந்த ரசாயனத்தை உடைத்து டிஎன்ஏவைக் கெடுக்கும் வடிவத்துக்கு மாற்றுகிற என்சைம் அங்கே இருப்பதுதான் காரணம். 25, 30 வாரம் கழித்து உணவுக்குழாயை வெளியே எடுத்து, நீளவாக்கில் கத்தரித்துத் திறந்து, தட்டையாக விரித்து, லென்ஸுக்கு அடியில் வைத்து அரை மில்லிமீட்டருக்குக் குறையாத ஒவ்வொரு கட்டியையும் எண்ணுவார்கள். வழவழவென்று இருக்க வேண்டிய உள்சுவரில் மரு முளைத்தது போல ஒன்று, இரண்டு, மூன்று என்று புடைத்து நிற்கும்.

2001-இல் வெளிவந்த ஆய்வில், உறைய வைத்து உலர்த்திய கருப்பு ராஸ்பெரித் தூளை ஊசிக்கு 2 வாரம் முன்பே தீனியில் 5 சதவீதமும் 10 சதவீதமும் கலந்து கொடுக்கத் தொடங்கினார்கள். 30 வாரம் கழித்துப் பார்த்தால் கட்டிகளின் எண்ணிக்கை 39 சதவீதமும் 49 சதவீதமும் குறைந்திருந்தது. அதாவது நன்றாகப் பலன் கிடைத்த தீனியிலும் பாதிக் கட்டிகள் வரத்தான் செய்தன. ஊசியெல்லாம் முடிந்த பிறகு தூளைக் கொடுத்த எலிகளிலும் 25-ஆவது வாரத்தில் பலன் தெரிந்தது. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது, ஏனென்றால் மனிதர்கள் யாரும் டிஎன்ஏ கெடுவதற்கு 2 வாரம் முன்பே எச்சரிக்கையாகச் சாப்பிட ஆரம்பிப்பதில்லை.

இனி எந்த எலிச் செய்தியைப் படித்தாலும் பொருளை எப்போது கொடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். வாட்டர்கிரெஸ் கீரையிலிருந்து கிடைக்கும் ஃபீனெதில் ஐசோதயோசயனேட் ஊசிக் காலத்தில் கொடுத்தபோது இதே எலிகளில் கட்டியை அபாரமாகத் தடுத்தது. ஊசி முடிந்த பிறகு கொடுத்தபோது பலனில்லை.

கே: பழத்தில் வேலை செய்யும் பொருளை மட்டும் பிரித்து மாத்திரையாகப் போட்டுக்கொண்டால் போதாதா?

ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் தொடங்கினார்கள். முதலில் பெர்ரியில் இருக்கும் எலாஜிக் அமிலம்தான் காரணம் என்று நினைத்தார்கள். அப்புறம் பழத்துக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் பக்கம் கவனம் போனது. அதை மட்டும் பிரித்துக் கொடுத்தாலும் முழுத் தூளுக்குச் சமமாக வேலை செய்தது. ஆனால் சாற்றைப் பிரித்தபின் மிஞ்சிய சக்கையும் கட்டியைக் குறைத்தது! ஆக, ஒரே ஒரு பொருளைக் கைகாட்ட முடியவில்லை. 2010-இல் கருப்பு ராஸ்பெரி, சிவப்பு ராஸ்பெரி, ஸ்ட்ராபெரி, புளூபெரி, நோனி, அசாய், கோஜி என்று ஏழு வகையை 5 சதவீதம் கலந்து ஒப்பிட்டார்கள். உள்ளே இருக்கும் சத்துகளின் அளவு ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அரிய பழம் என்று சொல்லி அதிக விலைக்கு விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்.

பிரித்தெடுத்த மாத்திரையில் எனக்குள்ள பயத்தையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன ஃபீனெதில் சேர்மத்துக்கு ஒரு தம்பி உண்டு, ஃபீனைல்ஹெக்சில் என்று பெயர். கார்பன் சங்கிலி கொஞ்சம் நீளம், அவ்வளவுதான் வித்தியாசம். அதைக் கொடுத்த எலிகளுக்குக் கட்டி குறையவில்லை, அதிகமானது. மனிதர்களிலும் இப்படி நடந்திருக்கிறது: பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையில் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. பழமாகச் சாப்பிடுங்கள்.

கே: சரி, ஒரு நாளைக்கு எத்தனை பழம்?

கணக்கைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள். சீனாவில் உணவுக்குழாயில் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்த 75 பேரிடம் ஸ்ட்ராபெரித் தூளை 6 மாதம் கொடுத்துப் பார்த்து 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். தினம் 30 கிராம் சாப்பிட்டவர்களுக்குப் பலன் இல்லை. 60 கிராம் சாப்பிட்ட 36 பேரில் 29 பேருக்கு மாற்றத்தின் கடுமை குறைந்தது. பழத்தில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் 60 கிராம் தூள் என்றால் கிட்டத்தட்ட 600 கிராம் பழம், அதுவும் தினமும். போலி மருந்து கொடுத்து ஒப்பிட்ட பிரிவு இந்தச் சோதனையில் இல்லை. இத்தகைய மாற்றங்கள் சிலருக்குத் தானாகவே சரியாவதும் உண்டு. அதனால் நம்பிக்கை தரும் ஆரம்பம் என்று மட்டும் சொல்வேன்.

கே: எனக்குப் பல வருஷமாக நெஞ்செரிச்சல், பேரட் உணவுக்குழாய் (அமிலம் பட்டுப் பட்டு உள்சுவரின் செல்கள் வேறு வகையாக மாறிய நிலை) என்று சொல்லிவிட்டார்கள். செலிகாக்சிப் என்ற வலிமருந்தும் ஆஸ்பிரினும் புற்றைத் தடுக்கும் என்கிறார்களே, நானாக ஆரம்பிக்கலாமா?

நீங்களாக வேண்டாம். கட்டி வளரும்போது உணவுக்குழாய்ச் சுவரில் காக்ஸ்-2 என்ற அழற்சி என்சைம் கூடுகிறது. பெர்ரித் தூள் எலியில் அதையும்தான் குறைத்தது. அதனால் அந்த என்சைமை நேரடியாக அடைக்கும் மருந்துகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அமிலமும் பித்தமும் மேலே ஏறும்படி அறுவை செய்து பேரட் போன்ற நிலையை உண்டாக்கிய எலிகளில் நல்ல பலன் கிடைத்தது. ஆனால் பேரட்டோடு, புற்றுக்கு முந்தைய செல்மாற்றமும் இருந்த 100 பேருக்கு செலிகாக்சிப் 200 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, 48 வாரம் கொடுத்தபோது மருந்துக்கும் போலி மருந்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை (2007). போதாததற்கு, செலிகாக்சிப் இதயச் சிக்கலைக் கூட்டும் என்று வேறொரு சோதனையில் தெரியவந்தது.

ஆஸ்பிரின் கதை கொஞ்சம் மேல். பேரட் உள்ள 2,557 பேரை ஏறத்தாழ 9 வருஷம் தொடர்ந்து பார்த்த ஆஸ்பெக்ட் சோதனையில், அமிலத்தைக் குறைக்கும் எசோமெப்ரசோல் மாத்திரையை அதிக அளவிலும் ஆஸ்பிரினையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குத்தான் மரணம், புற்று, கடுமையான செல்மாற்றம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டதில் நல்ல முடிவு கிடைத்தது. உங்கள் வயதையும் ரத்தக்கசிவு அபாயத்தையும் பார்த்து இதை முடிவு செய்ய வேண்டியவர் உங்களுக்கு எண்டோஸ்கோபி செய்யும் மருத்துவர். அடுத்த முறை போகும்போது ஆஸ்பெக்ட் என்ற பெயரைச் சொல்லியே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

கே: எலியின் உணவுக்குழாயும் நம்முடையதும் ஒன்றா?

இல்லை. எலியின் உள்சுவர் மேல்தோலைப் போலக் கெரட்டின் படிந்து கடினமாக இருக்கும், நம்முடையது மென்மையானது. என்.எம்.பி.ஏ. எலிகளில் வருவது பெரும்பாலும் பாப்பிலோமா, அதாவது இன்னும் புற்றாகாத கட்டி. தவிர, அந்த எலிகள் காட்டுவது, உள்சுவரின் தட்டையான செல்களில் தொடங்கும் செதிள்செல் வகைப் புற்றின் பாதையை; நெஞ்செரிச்சலில் தொடங்கிப் பேரட் வழியாக வரும் அடினோகார்சினோமா வகைப் புற்று வேறு பாதை.

கே: என் அப்பாவுக்கு இரண்டு மாதமாகச் சாப்பாடு நெஞ்சில் அடைக்கிறது. முதலில் பெர்ரித் தூள் கொடுத்துப் பார்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். மேலே சொன்ன எலி ஆய்வுகள் எல்லாம் கட்டி வராமல் தடுப்பதைப் பற்றியவை. வந்துவிட்ட புற்றைத் தூள் கரைக்கும் என்று அவற்றில் எதுவும் காட்டவில்லை. விழுங்கும்போது அடைப்பது புற்று இல்லாத காரணத்தாலும் வரலாம், ஆனால் உள்ளே பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. இந்த வாரமே எண்டோஸ்கோபிக்கு நேரம் வாங்குங்கள். எடை குறைந்திருக்கிறதா, திட உணவு மட்டும் அடைக்கிறதா, தண்ணீரும் அடைக்கிறதா, என்றைக்குத் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும், முக்கியமாக ஆஸ்பிரின் இருந்தால் அதையும், அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.