வாங்குவோர் கேள்வி-பதில்: பச்சையாகவே வாடிய தக்காளி

கேள்வி: 'நோய் எதிர்ப்புத் திறன்: வி, எஃப், என்' என்று பாக்கெட்டில் போட்டிருந்த தக்காளி விதை வாங்கினேன். பூக்கும் நேரத்தில் செடிகள் மஞ்சளாகாமல், பச்சையாகவே தலைசாய்ந்தன. ஏமாற்றிவிட்டார்களா? (ஒட்டன்சத்திரம்)

பதில்: வாடிய தண்டை அடியில் வெட்டி, வெட்டுவாய் மட்டும் நனையும்படி கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். உங்கள் பாக்கெட்டிலுள்ள 'வி', 'எஃப்' இரண்டும் பூஞ்சை வாடல்கள், 'என்' வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழு. பாக்டீரியா வாடலுக்கு அவர்கள் வாக்குக் கொடுக்கவே இல்லை.

ஆனால் எந்த நோய் என்பதை மூன்று எழுத்துக்குள் ஒளித்துவிட்டு 'எதிர்ப்பு' என்று மட்டும் தமிழில் அச்சிடுகிறார்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. எதிர்ப்பு என்றால் கிருமி நுழையாது என்று பொருளல்ல. இந்த வாடலைக் கொண்டுவரும் ரால்ஸ்டோனியா பாக்டீரியா, பக்கவேர் கிளம்பும் வெடிப்பு வழியாகவும் நூற்புழு போட்ட காயம் வழியாகவும் எந்தத் தக்காளிக்குள்ளும் புகும். சாதாரணச் செடியில் அது நீர்க்குழாய்களில் பெருகிப் பசையைச் சுரந்து அடைத்துவிடும். ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தாகத்தில் சாகும். ஹவாய் 7996 போன்ற எதிர்ப்பு வகை, வேரிலேயே குழாய்ச் சுவர்களில் லிக்னின், சூபரின் என்ற கெட்டிப் பொருள்களைப் பூசிக் கெட்டியாக்குகிறது. கிருமி பக்கத்துக் குழாய்க்குத் தாவ முடியாமல் அங்கேயே முடங்குகிறது. மண் மிகவும் சூடேறினாலோ நூற்புழு பெருகினாலோ இந்தக் காவலும் உடையலாம். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்ஷக் போல, பாக்டீரியா வாடலுக்கென்றே பெயர் சொல்லி வெளியிட்ட ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இதே வாடலுக்குக் கடைக்காரர் கார்பெண்டசிம் கொடுத்தார். தெளிக்கலாமா? (ஓசூர்)

பதில்: வேண்டாம். அது பூஞ்சைக்கொல்லி.

கேள்வி: சுண்டைக்காய் வேரில் ஒட்டுக்கட்டிய தக்காளி நாற்று, விலை கூட. வாங்கலாமா? (கோவை)

பதில்: வாடல் வந்த நிலமென்றால் வாங்கலாம், சுண்டைக்காய் வேர் இந்தக் கிருமியைத் தாங்கும். நானும் 40 நாற்று வாங்கி, ஒட்டு மூடும் அளவுக்கு மண் அணைத்தேன். மேலிருந்த தக்காளித் தண்டு தானே வேர்விட்டது. கிருமி அந்த வேர் வழியே ஏறி அத்தனையையும் கொன்றது. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒட்டு எப்போதும் மண்ணுக்கு மேலேயே நிற்கட்டும்.

கேள்வி: சந்தையில் ரசீது இல்லாமல் வாங்கிய நாற்று, ரகம் தெரியாது, எல்லாம் போய்விட்டது. யாரிடம் கேட்பது? (சேலம்)

பதில்: ரகமும் கேட்கவில்லை, ரசீதும் வாங்கவில்லை. எதைக் காட்டி, யார்மேல் புகார் கொடுப்பீர்கள்?

கேள்வி: வாடல் தாங்கும் ரகம் என்று ரசீதோடு வாங்கினேன். காய்த்தது வேறு ரகம், பாதி வாடிவிட்டது. கடைக்காரர் விரட்டுகிறார். (தர்மபுரி)

பதில்: உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது ஐயா. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். விதைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை. வழி தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். ஒரு செடியையும் பிடுங்காதீர்கள். நாளைக் காலையிலேயே விதை ஆய்வாளருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, அவரை வயலுக்கு அழைத்து வாருங்கள்.