தரையிறங்கும்போது மட்டும் ஃப்ளைட் சிமுலேட்டர் கிராஷ் ஆவது ஏன்?

நடுவானில் எந்தச் சிக்கலும் இல்லை, பெரிய விமான நிலையத்தை நெருங்கும்போதுதான் திரை கறுத்து கேம் மூடிக்கொள்கிறது என்கிறீர்கள். அதுவே நல்ல துப்பு. கட்டடம், ஓடுபாதை, நிற்கும் விமானங்கள் என எல்லாவற்றின் டெக்ஸ்சரும் (மேற்பரப்பில் போர்த்தப்படும் படங்கள்) கிராபிக்ஸ் கார்டின் மெமரியில் வந்து குவியும் இடம் அது.

முதலில், கணினியில் நடப்பதைப் பதிவுகளாகக் காட்டும் விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பதிவில், கிராஷ் ஆன நேரத்தில் 4101 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவர் பதில் தராமல் நின்று, விண்டோஸ் அதை மீட்டிருக்கிறது. டிரைவரின் பதிலுக்கு விண்டோஸ் பொதுவாக 2 நொடிதான் பொறுக்கும். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த நேரத்தை நீட்டலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கார்டு ஏன் திணறுகிறது என்பது அப்படியேதான் இருக்கும்.

சரி, என்ன செய்வது? ஓவர்கிளாக்கை, அதாவது கார்டை இயல்பைவிட வேகமாக ஓட்டும் அமைப்பை, எடுத்துவிடுங்கள். 'நான் எதுவும் செய்யவில்லையே' என்பீர்கள். பல கார்டுகள் தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டப்பட்டு வருகின்றன. கார்டின் சிப் ஓடும் வேகமான கோர் வேகத்தை 50 மெகாஹெர்ட்ஸ் குறைத்து, அதே ஓடுபாதையில் மறுபடி இறங்கிப் பாருங்கள். கிராஷ் நின்றால் காரணம் கிடைத்துவிட்டது.

நிற்கவில்லையா? டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்குங்கள். கேமில் தனியாகச் சேர்த்த ஆட்-ஆன்களை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு ஓட்டுங்கள். அப்புறம், மெமரி போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலை அணைத்து வைத்திருந்தால் அதை மறுபடி விண்டோஸ் பொறுப்பிலேயே விடுங்கள். டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.