ஊட்டி வாடகை வீட்டில் குளிர்காலத்தில் சுவரெல்லாம் ஓதம், ராத்திரி நடுக்கம். செலவில்லாமல் எப்படிச் சமாளிப்பது?

முதலில் ஈரத்தைக் கவனியுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் ராத்திரி உறைபனி விழுந்தாலும் பகலில் பெரும்பாலும் நல்ல வெயில் அடிக்கும். 11 மணியிலிருந்து 2 மணிவரை எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெயில் இறங்கும் முன்பே மூடிவிடுங்கள். குளிருக்குப் பயந்து நாள் முழுக்கப் பூட்டியே வைத்தால் சமையல் ஆவி, வெந்நீர்க் குளியல் ஆவி, நம் மூச்சு எல்லாம் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகப் படியும். பூஞ்சை பிடிப்பது அங்கேதான். அறைக்குள் கொடி கட்டித் துணி காயவைப்பது இன்னும் மோசம். பீரோவை வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். மழை பெய்யும்போது மட்டும் சுவர் நனைந்தால் அது பெரும்பாலும் கூரையிலோ வெளிச்சுவரிலோ உள்ள கசிவு. வீட்டுக்காரரிடம்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் சூடு. 2000 வாட் ஹீட்டர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட் இழுத்துவிடும். 100 வாட் மின்போர்வைக்கு அதே யூனிட் பத்து மணி நேரம் வரும். அறையைவிட ஆளைச் சூடாக்குவதே மலிவு. வெந்நீர்ப் பை, கம்பளி சாக்ஸ், கதவடி இடுக்கில் பழைய துணிச் சுருள் போதும்.

தயவுசெய்து கரியடுப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். புகை அடங்கிய தணலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.