வாங்கும் முன்: பழைய டீசல் வண்டியும் கைக்கு வராத மானியமும்

சங்ககிரியிலிருந்து ஒரு லாரி உரிமையாளர்: 2008 மாடல் டீசல் லாரி வைத்திருக்கிறேன். இதை உடைக்கக் கொடுத்துவிட்டு மின்சார லாரி எடுத்தால், மத்திய அரசு 9.6 லட்சம் ரூபாயை என் வங்கிக் கணக்கில் போடும் என்கிறார் தரகர். ஃபைலை நகர்த்த இரண்டு சதவீதம் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

ஒரு பைசா கொடுக்காதீர்கள். திட்டம் உண்மை, தரகரின் கணக்கு பொய். பி.எம். இ-டிரைவ் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. மின்சார லாரிகளுக்கான வழிகாட்டுதல் 2025 ஜூலையில் வந்தது. பேட்டரித் திறனில் ஒரு கிலோவாட்-மணிக்கு 5,000 ரூபாய், அல்லது ஆலை விலையில் பத்து சதவீதம், இவற்றில் எது குறைவோ அதுதான் மானியம். 9.6 லட்சம் என்பது பெரிய லாரிகளுக்கான உச்சவரம்பு. எல்லோருக்கும் கிடைக்கிற தொகை அல்ல.

அந்தப் பணமும் உங்கள் கணக்குக்கு வராது. தயாரிப்பு நிறுவனம் விலையில் கழித்துக்கொண்டு விற்கும். பிறகு அரசிடமிருந்து வாங்கிக்கொள்ளும். உங்கள் பக்கம் நகர வேண்டிய ஃபைல் ஒன்றும் இல்லை என்றால், தரகர் எதை நகர்த்தப் போகிறார்? நீங்கள் காட்ட வேண்டியது, பழைய வண்டியை அங்கீகரிக்கப்பட்ட உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்த சான்றிதழ். அது இல்லாமல் லாரி மானியம் கிடையாது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். நாடு முழுவதற்கும் சுமார் 5,600 லாரிகள், 500 கோடி ரூபாய், அவ்வளவுதான் ஒதுக்கீடு. சிமெண்ட் ஆலையிலிருந்து கிடங்குக்குத் தினமும் ஒரே தடத்தில் ஓடுகிற வண்டிக்கு மின்சாரம் கட்டுப்படியாகலாம். இன்று நாக்பூர், நாளை குவாஹாத்தி என்று லோடு பிடிப்பவராக இருந்தால், வழியில் சார்ஜ் ஏற்ற எங்கே நிறுத்துவீர்கள் என்று முதலில் எழுதிப் பாருங்கள்.

அம்மாப்பேட்டை: டீசல் காரை விற்றுவிட்டு மின்சார கார் வாங்கினால் அந்த மத்திய மானியம் எவ்வளவு கிடைக்கும்?

சொந்த உபயோகக் காருக்கு அந்தத் திட்டத்தில் ஒன்றும் கிடையாது.

ஏற்காடு, நாகலூர்: காபித் தோட்டத்தில் 1998 மாடல் டீசல் ஜீப் இருக்கிறது. பதினைந்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டியை உடைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் பறிமுதல் என்று பயமுறுத்துகிறார்கள். புது டீசல் வண்டி வாங்கிவிடலாமா?

பயமுறுத்துகிறவர் டெல்லிச் செய்தியைச் சேலத்தில் விற்கிறார். பத்து ஆண்டு டீசல் வண்டிக்குத் தடை என்ற கதையெல்லாம் தலைநகர் வட்டாரத்துக்கு. இங்கே ஆய்வில் தேறினால் பதிவை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கட்டணம் ஏறியிருக்கிறது: இருபது ஆண்டு தாண்டிய கார், ஜீப்புக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். பசுமை வரி தனி. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் பின்னால் வரும் பஸ் கண்ணுக்குத் தெரியாத அளவு உங்கள் ஜீப் புகை கக்கினால், பம்ப்பையும் இன்ஜெக்டரையும் பார்த்துவிட்டு ஆய்வுக்குப் போங்கள்.

உடைப்பதுதான் முடிவு என்றால், ஒப்படைப்புச் சான்றிதழோடு போகிறவருக்குப் புது வண்டியின் பதிவுக் கட்டணம் விலக்கு. சாலை வரியில் சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரை, வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடம் கொடுக்கிறது. அந்த ‘வரை’யை அடிக்கோடிட்டுப் படியுங்கள், மாநிலம் தருவதுதான் கைக்கு வரும். ஷோரூம் பையனைக் கேட்காமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

புது டீசல் வண்டி பற்றி: 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடேறி ஓடினால் அது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். சேலத்துக்குள்ளேயே அழகாபுரத்துக்கும் ஐந்து ரோட்டுக்கும் மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும். நான் வாங்கிய கார் அப்படித்தான் அடைத்துக்கொண்டது; பழுது நீக்கிய பில்லை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். தோட்டத்துக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர் போய் வருகிற வேலைக்கு அந்த வண்டி வேண்டாம்.

ஆட்டையாம்பட்டி: முறுக்கு வியாபாரம். மின்சார ஸ்கூட்டர் வாங்கினேன். பழைய டீசல் வேனை ஒழிப்பதால் ‘அரசு மானியம் 25,000’ கழித்திருப்பதாக ஷோரூமில் சொன்னார்கள். பில்லில் அப்படி ஒரு வரியே இல்லை. விசாரித்தால் பக்கத்துக் கடையில் அதே வண்டி அதே விலை.

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். 2025-26 நிதியாண்டில் மின்சார ஸ்கூட்டருக்கு மத்திய மானியத்தின் உச்சமே 5,000 ரூபாய்தான். வேனை உடைத்ததற்கும் அந்த மானியத்துக்கும் சம்பந்தமே இல்லை. விலையை 20,000 ஏற்றிச் சொல்லி, அதையும் சேர்த்துக் கழித்துக்காட்டியிருக்கிறார்கள்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய சீட்டைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. ஆடித் தள்ளுபடி நோட்டீஸின் பின்பக்கம், நீல மை, ‘மா. போக 98’ (மானியம் போக 98 ஆயிரமாம்) என்று எழுதி, கீழே இரண்டு கோடு. தேதி இல்லை, முத்திரை இல்லை, எழுதியவர் பெயர் இல்லை. இந்தத் துண்டுச் சீட்டு வியாபாரத்தைப் பற்றி நான் எழுதாத மாதம் இல்லை. கால் கிலோ மிளகுக்குப் பில் கேட்கிற ஊரில், லட்ச ரூபாய் வண்டிக்கு நோட்டீஸின் முதுகைப் பார்த்து எப்படிப் பணம் கட்டுகிறோம்? ஆலை விலை, ஜி.எஸ்.டி., மானியம், பதிவு, காப்பீடு, துணைப்பொருள் என்று தனித்தனி வரியாக, கடையின் தாளில், முத்திரையோடு வாங்குங்கள். தர மறுக்கிற கடையிலிருந்து எழுந்து வாருங்கள். ஷோரூமில் கொடுத்த ஜூஸைக் குடித்துவிட்டோமே என்று கூச்சப்பட வேண்டாம்.

தயாரிப்பாளர்களும் இந்தக் கூத்தில் சளைத்தவர்கள் அல்ல. மின்சார வண்டிகளுக்கான முந்தைய மத்திய மானியத் திட்டமான ஃபேம்-2இல், ஆலை விலை ஒன்றரை லட்சத்துக்குள் இருந்தால்தான் ஸ்கூட்டருக்கு மானியம். அந்த வரம்புக்குள் நுழைய சில நிறுவனங்கள் சார்ஜரைத் தனியாக விற்றன. நான் வாங்கிய ஸ்கூட்டரும் அந்த ரகம். சார்ஜருக்குத் தனி பில். 2023இல் அரசு பிடித்து உலுக்கியபின் நிறுவனங்கள் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தன. எனக்கும் வந்தது. ஏன்? தனி பில் கையில் இருந்தது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது: அந்தச் சீட்டின் நகலோடு கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார். மசியவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. வேனை எங்கே கொடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த பதிலைப் படியுங்கள்.

கொண்டலாம்பட்டி: பழைய டீசல் வேனைக் காயலான் கடையில் போட்டுப் பணம் வாங்கிவிட்டேன். எட்டு மாதம் கழித்து என் பெயருக்குப் போக்குவரத்து அபராதம் வருகிறது.

ஆர்.சி. புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டீர்களா? பதிவை ரத்து செய்தீர்களா? எதையும் செய்யாமல், எடைக்கு எவ்வளவு என்று மட்டும் பேரம் பேசியிருக்கிறீர்கள். வண்டி உடையவில்லை, எங்கோ ஓடுகிறது. நாளை யார் மேலாவது மோதினால் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். இன்றே காவல் நிலையத்திலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் எழுத்து மூலம் தகவல் கொடுங்கள்.

அங்கீகரிக்கப்பட்ட உடைப்பு நிலையம் என்றால், வண்டியை எடுத்ததும் ஒப்படைப்புச் சான்றிதழ் தரும். சேஸிஸ் எண் பொறித்த இரும்புத் துண்டை வெட்டி, ஆறு மாதம் பாதுகாக்கும். காயலான் கடை கூடுதலாகக் கொடுத்த ரூபாய்க்கு இதெல்லாம் வராது.

ஓமலூர், பள்ளி நிர்வாகி: அமெரிக்காவில் மகள் இருக்கும் ஊரில் பள்ளி டீசல் பஸ்ஸை மாற்ற அரசே பணம் தருகிறதாம். இங்கே மட்டும் ஏன் இத்தனை நிபந்தனை?

அங்கே நிபந்தனை இல்லை என்று யார் சொன்னது? 2021 சட்டத்தில் பள்ளி பஸ்களுக்கு ஐந்து ஆண்டுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கினார்கள், உண்மை. அதற்கு முன்பே 2005இல் டீசல் புகையைக் குறைக்கத் தனிச் சட்டம் போட்டு மானியம் தந்தார்கள். அந்தப் பணத்தில் வண்டி மாற்றுகிறவர் பழைய இன்ஜினில் மூன்று அங்குல ஓட்டை போட வேண்டும், சேஸிஸை இரண்டாக வெட்ட வேண்டும், அதைப் படம் எடுத்துக் காட்டவும் வேண்டும். பழைய பஸ்ஸை வாழப்பாடிக்கு விற்றுக்கொண்டே புதுசுக்கு மானியம் வாங்குகிற வசதி அந்தச் சட்டத்தில் இல்லை.

செவ்வாய்ப்பேட்டை: ‘டீசல் வாகன மாற்று மானியம் ஒப்புதல்’ என்று வாட்ஸ்அப்பில் கடிதம் வந்தது. அசோகச் சின்னம் இருந்தது. பதிவுக் கட்டணம் 4,999 கட்டிவிட்டேன். இப்போது எண் இயங்கவில்லை. வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது.

வீட்டில் சொல்லிவிடுங்கள் அம்மா. படித்தவர்களே ஏமாறுகிற அளவுக்குக் கடிதம் தயாரிக்கிறார்கள். உடனே 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். நேரம் தாழ்ந்தால் பணம் கைமாறிக்கொண்டே போகும். வங்கிக்கும் பரிவர்த்தனை எண்ணோடு எழுதிக் கொடுங்கள். மீதிப் பணத்தை விடுவிக்க இன்னும் கொஞ்சம் கட்டுங்கள் என்று வேறு எண்ணிலிருந்து அழைப்பு வரும். எடுக்காதீர்கள்.

குகை: டெல்லியிலிருந்து பத்து ஆண்டு ஓடிய டீசல் கார் பாதி விலைக்குக் கிடைத்தது. வாங்கிவிட்டேன். என்.ஓ.சி.யை (வண்டியை வேறு மாநிலத்தில் பதிய டெல்லி ஆர்.டி.ஓ. தரும் ஆட்சேபமின்மைச் சான்றிதழ்) பிறகு அனுப்புகிறேன் என்றார் விற்றவர். இப்போது என்ன செய்வது?

காரைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டு, அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்.